மயிரும் மரியாதையும்

சென்ற இதழில் கவிதைப் பட்டறை ஒன்றைப் பற்றி எழுதிய நண்பர், அங்கே வந்திருந்த இளைஞர்களில் மூன்று பேருக்குத் தோள்வரை தலைமுடி இருந்ததைக் கவனித்திருக்கிறார். அவர்களுடைய கவிதைகளைக் கவனித்தாரா என்பது குறிப்பிலிருந்து தெரியவில்லை. முடி வளர்ந்த அளவுக்கு மொழி வளரவில்லை என்று ஒரே வரியில் மூவரையும் தீர்த்துவிட்டார். வரி நன்றாக இருக்கிறது. படித்தவர்கள் சிரித்திருப்பார்கள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, ஏறக்குறைய இதே வரியை இதே தொனியில், நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் ஒருவர் இன்னொருவனைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் வந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. எனக்கும் முடி நீளம்தான். ஆறு வருஷமாகப் பின்னால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்த வழக்கில் நான் கட்சிக்காரன். நடுநிலைமை என்று சொல்லிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து எழுதுவதைவிட இது நாணயமான நிலை.

இவ்வளவு அற்பமான விஷயத்துக்கு இந்தப் பத்திரிகையில் பக்கம் ஒதுக்க வேண்டுமா என்று கேட்கலாம். தமிழில் 'மயிர்' என்பதே ஒன்றுக்கும் உதவாததைச் சுட்டும் வசவு. ஆனால் ஒன்றுக்கும் உதவாத இந்த வஸ்துவின் மேல் அரசாங்கங்கள் காட்டியிருக்கும் அக்கறையைப் பார்த்தால் விஷயம் அற்பமாகத் தெரியவில்லை. 1645 இல் மஞ்சு அரசு, ஆண்கள் முன்தலையைச் சிரைத்துப் பின்னால் சடை போட்டுக்கொள்ள வேண்டும் என்று சீனர்களுக்கு ஆணையிட்டது. மறுத்தவனுக்கு மரண தண்டனை. அந்நியன் திணித்த அடையாளம் என்று அதற்காக உயிர்விட்டவர்கள் ஏராளம். 1912 இல் மஞ்சு ஆட்சி முடிந்து, குடியரசு அந்தச் சடையை வெட்டச் சொன்னபோது, அது தங்கள் முன்னோர் வழக்கம் என்று விட மறுத்தவர்களும் இருந்தார்கள். கட்டாயம் மரபாக மாறுவதற்கு இரண்டரை நூற்றாண்டு போதும் என்பது இதிலிருந்து தெரிகிறது. நம்மூரில் அவ்வளவு காலம்கூடத் தேவைப்படவில்லை.

தென்கொரியாவில் பார்க் சுங் ஹீ ஆட்சியில், 1973 இல் திருத்தப்பட்ட சிறு குற்றச் சட்டத்தின்படி ஆணின் நீண்ட முடி குற்றமாயிற்று. போலீஸ்காரர்கள் தெருவில் கத்தரிக்கோலுடன் நின்றார்கள். தமிழும் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள சிங்கப்பூரில், எழுபதுகளில், அரசு அலுவலகங்களில் நீள முடிக்காரர்கள் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள் என்று படத்துடன் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நீளம் என்றால் என்ன என்பதற்கு இலக்கணமும் இருந்தது: முன்னால் நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால் நீளம், பக்கத்தில் காதை மூடினால் நீளம், பின்னால் சட்டைக் காலரைத் தாண்டினால் நீளம். 1972 இல் லெட் ஸெப்பலின் குழு அங்கே கச்சேரி செய்ய முடியாமல் போனது இதனால்தான். 1984 இல்கூட ஜப்பானிய இசைக்கலைஞர் கிட்டாரோவைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அந்தக் கெடுபிடி கைவிடப்பட்டது. இன்று அந்த அறிவிப்பை வேடிக்கைப் பொருளாகக் காட்டுகிறார்கள். ஒரு கவுன்ட்டர் குமாஸ்தாவாக எனக்கு அதில் வேடிக்கை தோன்றவில்லை. வரிசையில் யாரை எப்போது கவனிப்பது என்பதை வைத்து ஒரு மனிதனை எவ்வளவு சுலபமாக அவமானப்படுத்தலாம் என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும்.

இனி நம் கதை.

'ஆணாய் லட்சணமாய் இரு' என்று நமக்குச் சொல்லப்படும்போது, ஏதோ தொல்காப்பியர் காலத்திலிருந்து தமிழ் ஆண் ஒரு மாதத்துக்கு ஒருமுறை சலூனுக்குப் போய்வந்தவன் போன்ற பாவனை இருக்கிறது. குஞ்சி, பித்தை, பங்கி, ஓரி என்று ஆண்மயிருக்கென்றே தனியாகப் பெயர்களை அடுக்கி வைத்திருக்கிறது நம் நிகண்டு மரபு. வெட்டி எறிவதற்காக யாரும் இத்தனை பெயர் வைக்கமாட்டார்கள். பாண்டியன் ஒருவனின் பெயரே பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. 1806 ஜூலை 10 இல் வேலூரில் சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணங்களில் ஒன்று, சென்னைப் படையின் புதிய விதி, தாடியைச் சிரைக்கவும் மீசையை ஒரே அளவாக்கவும் நெற்றிக்குறியை அழிக்கவும் சொன்னது. புதிய தொப்பி வேறு. கோட்டைக்குள் திப்புவின் குடும்பம் இருந்தது, வேறு குறைகள் இருந்தன என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஒருவனுடைய முகத்தையும் தலையையும் அளந்து சீராக்கும் யோசனை இந்த மண்ணுக்கு எந்த வாசல் வழியாக வந்தது என்பதை அந்த விதி காட்டுகிறது. அது பாசறையின் வாசல்.

அதற்குப் பிறகு வந்த சண்டை இன்னும் சுவாரஸ்யமானது. மதம் மாறிய கிறிஸ்தவர்கள் குடுமியை எடுக்க வேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுப் பாதிரிமார்களிடையே பெரிய வாக்குவாதம் நடந்தது. எடுக்கத்தான் வேண்டும், அது இந்து மதச் சின்னம் என்றது ஒரு கட்சி. கால்டுவெல் 1867 இல் குடுமியைப் பற்றித் தனியாகவே ஒரு பிரசுரம் எழுதினார். குடுமி மதச் சின்னமல்ல, தலைமுடி வைத்துக்கொள்ளும் ஒரு முறை மட்டுமே என்பது அவர் கட்சி. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய மனிதர், முடி விஷயத்தில் இவ்வளவு நிதானமாக இருந்திருக்கிறார். ஒப்பிலக்கணம் எழுதாத நம்மால் அது முடியவில்லை.

பாரதி காசியில் குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டு மீசையும் வளர்த்தபோது வீட்டில் அது ஆசாரக் கேடு. ராஜரத்தினம் பிள்ளை கிராப்புத் தலையோடு நாதஸ்வரம் வாசிக்க உட்கார்ந்தது அந்நாளில் ஊரெல்லாம் பேச்சு. அதே காலத்தில் பாகவதர் தோளில் புரளும் முடியோடு திரையில் வந்தார். 'பாகவதர் கிராப்பு' என்று பெயர் சொல்லி இளைஞர்கள் அதைக் காப்பியடித்தார்கள். அப்பன்மார் தலையில் அடித்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் கழித்து அந்த இளைஞர்கள் அப்பன்மார்களாகித் தங்கள் பிள்ளைகளை 'ஹிப்பி' என்று திட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று ஓய்வூதியம் வாங்க என் கவுன்ட்டருக்கு வந்து, 'ஏன் தம்பி இப்படி?' என்று என்னைக் கேட்கிறார்கள்.

குடுமியை எடுத்தால் குற்றம். பிறகு குடுமியை வைத்திருந்தால் பட்டிக்காடு. பிறகு முடியை வளர்த்தால் காலித்தனம். இந்த மூன்று தீர்ப்புகளிலும் முடியின் நீளம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாறாமல் இருப்பது, அளப்பவன் ஒருத்தன், அளக்கப்படுபவன் ஒருத்தன் என்ற ஏற்பாடு. கலாசாரம், பண்பாடு, ஒழுக்கம் என்று இவர்கள் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். முடி ஒரு சாக்கு.

*

என் அலுவலகத்துக்கு வருகிறேன்.

வங்கிக் குமாஸ்தாவின் தலைமுடியைப் பற்றி எந்த விதியும் கிடையாது. ஒழுங்கு நடவடிக்கைகளுக்கு ஆதாரம் 1953 சாஸ்திரி அவார்டு. அதை 1966 பைபார்டைட் செட்டில்மென்ட் எடுத்துக்கொண்டது. 2002 ஏப்ரலில் கையெழுத்தான ஒப்பந்தத்திலும் அதன் சாரம் தொடர்கிறது. சிறு குற்றங்களின் பட்டியலில் ஒரு ஷரத்து உண்டு: உடலிலும் உடையிலும் சாதாரணமாக வேண்டிய கண்ணியத்தையும் சுத்தத்தையும் வெளிப்படையாக அலட்சியம் செய்வது. இவ்வளவுதான். ஆனால் 'சாதாரணமாக' என்ற அந்த ஒரு வார்த்தை எழுபது வருஷமாகச் சம்பளமில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. யாருடைய சாதாரணம் என்று அது சொல்வதில்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவருடைய சாதாரணம் என்று நாமாகவே புரிந்துகொள்கிறோம்.

எனக்கு யாரும் மெமோ தரவில்லை. இந்த மாதிரி நிர்ப்பந்தம் காகிதத்தில் வராது என்பதுதான் அதன் பலம். ஏ.ஜி.எம். வருகிற அன்று 'நீங்கள் இன்றைக்கு உள்ளே லாக்கர் பக்கம் உட்காருங்கள் ஸார்' என்பார்கள். கிளை ஆண்டுவிழா போட்டோவில் பின்வரிசை. வீட்டில் அம்மா, 'பெண் வீட்டார் வந்துபோகிற ஒரு நாளைக்காவது வெட்டிக்கொள்ளேன்' என்பாள். ஒரு நாளைக்கு மட்டும் முடியை வெட்டிக்கொள்வது எப்படி என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், வீட்டுக்காரர் கேள்வியெல்லாம் என்னிடம் கேட்டுவிட்டுப் பதிலை என் தலையில் தேடுவார். கடைத்தெருவில் பின்னாலிருந்து ஒரு கிழவி 'அம்மாடி, கொஞ்சம் தள்ளிக்க' என்றாள். நான் திரும்பியதும் 'அட, ஆம்பளைப் பிள்ளையா' என்று சிரித்தாள். இத்தனை பேரில் அவளுடைய சிரிப்பில் மட்டும்தான் விஷமில்லை.

'பொம்பளை மாதிரி' என்பது இந்த விஷயத்தில் எல்லோரும் கடைசியாக வந்து நிற்கும் வாதம். இது வசவாகச் செல்லுபடியாக வேண்டுமென்றால் பெண்ணாயிருப்பது இழிவு என்று சொல்பவனும் கேட்பவனும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் சொன்னதைச் சுவரில் எழுதுகிற ஊரில்தான் இந்த வசவு தினமும் செல்லுபடியாகிறது. கிராப்பு வைத்த பெண்ணையும் இதே ஆட்கள் விடுவதில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இவர்கள் காவல் காப்பது முடியை அல்ல, வேலியை என்பது புரியும்.

சுத்தம், பாதுகாப்பு என்றும் வாதிக்கிறார்கள். இதற்குப் பதில் இருக்கிறது. லேத் பட்டறையில் சுற்றும் இயந்திரத்தில் முடி மாட்டினால் உயிர் போகும். சமையலறையில் முடி சோற்றில் விழும். அங்கே விதி வேண்டியதுதான். ஆனால் அந்த விதி பெண்ணுக்கு என்ன சொல்கிறது? கட்டிக்கொள், வலைக்குல்லாய் போட்டுக்கொள் என்கிறது. அதையே ஆணுக்கும் சொன்னால் அது வேலையின் விதி. பெண் கட்டிக்கொள்ளலாம், ஆண் வெட்டிக்கொள்ள வேண்டும் என்றால் அது வேலையின் விதி அல்ல. எந்த அலுவலக உத்தரவையும் இந்த ஒரு கேள்வியால் பரிசோதித்துவிடலாம். என் பக்கத்து கவுன்ட்டரில் இருப்பவர் இடுப்புவரை பின்னல் போட்டிருக்கிறார். இருவரும் ஒரே நோட்டு எண்ணும் மெஷினைத்தான் உபயோகிக்கிறோம். அது இதுவரை வித்தியாசம் பாராட்டியதில்லை.

எங்கள் கிளையின் கரும்பலகையில் தினம் ஒரு குறள் எழுதுவார்கள். ஒருநாள் கூடாவொழுக்கத்திலிருந்து, சிரைப்பதையும் வளர்ப்பதையும் பற்றிய குறள் வந்தது. என்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள். வள்ளுவர் அதில் நீட்டுவதை மட்டும் வேண்டாமென்று சொல்லவில்லை, மழிப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறார், உலகம் பழிப்பதை விட்டவனுக்கு இரண்டும் அநாவசியம் என்கிறார் என்று நான் சொன்னேன். குறளைப் பாதியாகப் படிப்பதும் ஒருவகை முடிவெட்டுதான். மறுநாள் பலகையில் விருந்தோம்பல் வந்துவிட்டது.

*

இதுவரை எழுதியதில் நான் நல்லவனாகவே வந்துகொண்டிருக்கிறேன். இனி அப்படி இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் புதிதாக வந்த மேனேஜர் முதல் நாளே என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கிக் கேட்டார்: 'திருப்பதிக்கா ஸார்? வேண்டுதலா?' கேள்வியில் அவருக்கே ஒரு ஆசுவாசம் இருந்தது. 'ஆமாம் ஸார்' என்றேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து என் முடிக்கு அந்தஸ்து வந்துவிட்டது. 'ஸாருக்கு வேண்டுதல்' என்று அவரே வாடிக்கையாளர்களிடம் சொன்னார். ஒரு பெண்மணி, எனக்கு என்ன குறையோ என்று பரிதாபப்பட்டு, தெரிந்த வைத்தியரின் நம்பர் கொடுத்தார். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பது இந்தப் பத்திரிகையைப் படிக்கிற முந்நூறு பேருக்கும் தெரியும். நான்தான் அதை மூன்று கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். தனி மனிதனின் இஷ்டத்துக்கு இடம் கொடுக்காத அலுவலகம், கடவுளின் பாக்கி என்றால் உடனே இடம் கொடுக்கிறது. இந்த முரணைப் பார்த்து மனத்துக்குள் சிரித்துக்கொண்டு, சௌகரியமாக அதற்குள்ளேயே குடியிருந்தேன்.

எங்கள் கிளையில் தினக்கூலிக்கு ஒரு பையன் இருக்கிறான். வவுச்சர் எடுத்துப்போவது, டீ வாங்குவது, ஏ.டி.எம்.முக்குக் காகிதச் சுருள் மாட்டுவது. வாரியக் குடியிருப்பிலிருந்து வருகிறான். பக்கங்களை ஒட்டச் சிரைத்து, மேலே நீளமாக விட்டு, நுனியில் செம்பட்டைச் சாயம். சில வருஷங்களாக இந்த மாதிரித் தலைகளுக்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது: 'புள்ளிங்கோ'. தங்களை ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ள அந்தப் பையன்கள் பிரியமாக வைத்திருந்த சொல், மற்றவர்கள் வாய்க்கு வந்ததும் வசவாகிவிட்டது. அந்தச் சொல்லுக்குள் ஒரு பேட்டை இருக்கிறது, ஒரு ஜாதி இருக்கிறது, ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு முடி திருத்துபவரை வரவழைத்துப் பிள்ளைகளின் தலையை ஒட்ட வெட்டியதைப் பத்திரிகைகள் பாராட்டுச் செய்தியாகவே போடுகின்றன. எந்தப் பள்ளிக்கூடங்கள் அவை, யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பார்க்க வேண்டும். கார் வந்து இறக்கிவிடும் பையனின் தலையில் யாரும் கத்தரிக்கோல் வைப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டமான நேரத்தில், மேனேஜர் அந்தப் பையனை நிறுத்தி, 'முடி வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரலையே' என்றார். கவுன்ட்டருக்கு வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். 'திங்கட்கிழமை இதோட வராதே' என்றார். நான் மூன்றடி தூரத்தில் இருந்தேன். எனக்குப் பின்னால் சங்கம் இருக்கிறது, செட்டில்மென்ட் இருக்கிறது, பதினொரு வருஷ சர்வீஸ் இருக்கிறது, திருப்பதி ஏழுமலையானும் இருக்கிறார். நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவன் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். மதியம் டீ கொண்டுவந்தவன் கேட்டான்: 'அண்ணே, வேண்டுதல்னு நானும் சொல்லியிருக்கலாமில்ல? எனக்குத் தோணவே இல்லண்ணே.'

அவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கோபமே இல்லாமல், ஒரு உபாயம் தவறிப்போனதைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் கேட்டான். நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுத வெட்கமாயிருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். கடவுளின் ஜாமீன் நிரந்தர ஊழியருக்குத்தான் செல்லும்.

*

இப்போது நண்பருடைய வரிக்குத் திரும்புகிறேன். அவர் மேனேஜர் இல்லை. யாருடைய கூலியையும் அவர் நிறுத்தப்போவதில்லை. ஆனால் எழுதியவனைப் படிப்பதற்கு முன்னால் அவன் தலையைப் படித்துவிடுவது என்ற காரியத்தில் இரண்டு பேரும் ஒன்று. நீள முடி ஒரு வேஷமாக இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. கவிஞன் என்று தெரிய வேண்டுமென்றே வளர்ப்பவர்கள் உண்டு. ஜிப்பாவும் ஜோல்னாப் பையும் போட்டு அதே காரியத்தைச் செய்த தலைமுறை நமக்கு முன்னால் இருந்தது. அந்த வேஷத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் கவிதை. போலியான அனுபவம் வரியில் தானாகக் காட்டிக்கொடுத்துவிடும், படிக்கத் தெரிந்தவனுக்கு. தலையைப் பார்த்துக் கண்டுபிடிப்பதாக இருந்தால் விமர்சகன் எதற்கு, வாசலில் நிற்கும் காவலாளி போதும்.

இதை மற்றவர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பத்திரிகையில் வந்ததுதான் சங்கடம். 1959 இல் செல்லப்பா 'எழுத்து' தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தபோது, பண்டிதர்கள் அதன்மேல் வைத்த குற்றச்சாட்டு என்ன? அளவு இல்லை, கட்டு இல்லை, சீர் இல்லை என்பதுதான். யாப்பு என்ற சொல்லுக்கே கட்டுவது என்று பொருள். கவிதை என்ன சொல்கிறது என்று பார்க்காமல், அது எப்படி வாரப்பட்டிருக்கிறது என்று பார்த்தார்கள். நமது இலக்கிய முன்னோர்கள் அந்த அவமானத்தில் நின்று எழுதியதால்தான் நமக்கு இந்தப் பக்கங்கள் கிடைத்தன. அப்படிக் கிடைத்த பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சின்னப் பையன்களின் தலையை அளக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எனக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். மூன்றடி தூரத்தில் வாய்மூடி உட்கார்ந்திருந்தவனுக்கும் அந்த வரியைப் படித்துச் சிரித்தவனுக்கும் அதிக வித்தியாசமில்லை. இரண்டும் நான்.

சென்ற மாதம் மேனேஜரின் அறைக்குள் போய், எனக்கு எந்த வேண்டுதலும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, பிடித்திருக்கிறது, அதனால் வளர்க்கிறேன் என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை, கூச்சம்தான் வந்தது. 'இதையெல்லாம் ஏன் ஸார் என்கிட்டச் சொல்றீங்க' என்றார். அந்தப் பையனிடம் அவர் பேசியது தவறு என்றும் சொன்னேன். 'அது வேற, இது வேற' என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த நாளிலிருந்து எனக்குப் பின்னறையில் கடன் பத்திரங்கள் சரிபார்க்கும் வேலை. தண்டனை என்று சொல்ல முடியாது. அங்கே மின்விசிறி நன்றாக ஓடுகிறது. 2025 இல் ஆள் எடுத்தபோது குமாஸ்தா என்ற பெயரை மாற்றி வாடிக்கையாளர் சேவைக்கான அஸோஸியேட் என்று போட்டார்கள். என் கண்ணில் இப்போது வாடிக்கையாளரே படுவதில்லை.

நான் உண்மையைச் சொன்னதால் அந்தப் பையனுக்கு ஒரு லாபமும் ஏற்பட்டுவிடவில்லை. அவன் ஒட்ட வெட்டிய தலையோடு டீ கொண்டுவருகிறான். சங்கக் கூட்டத்தில் தினக்கூலிக்காரர்களின் பிரச்னையோடு இதையும் எழுப்பினேன். 'முடி விஷயமெல்லாம் அஜெண்டாவில் எதற்குத் தோழர்' என்றார் செயலாளர். அவருக்கும் கிராப்புத் தலைதான்; அவருடைய தாத்தாவின் போட்டோவைப் பார்த்திருக்கிறேன், குடுமி.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். பட்டறைக்கு வந்த அந்த மூன்று பேரின் கவிதைகளும் அவரிடம் இருக்கும். மோசமாக இருந்தால் வரிவரியாகக் கிழித்து எழுதட்டும், நானே முதலில் கைதட்டுகிறேன். முடியைப் பற்றி எழுதியாகிவிட்டது. கவிதையைப் பற்றி அடுத்த இதழில் எழுதட்டும்.